அலர்ஜி மருந்து "வேலை செய்யவில்லை" என்பவர்களுக்கு: எது எதற்கு, எப்போது, எப்படி?

மருந்துப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

"செட்ரிசின் போட்டும் மூக்கடைப்பு போகவில்லை", "ஸ்ப்ரே இரண்டு நாள் அடித்தேன், பயனில்லை", "தடிப்புக்கு எது பவரான மாத்திரை?" என்று ஒரே மாதிரிக் கேள்விகள் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பேசலாம். மருந்து தோற்பதைவிட, அறிகுறிக்குப் பொருந்தாத மருந்தைத் தேர்ந்தெடுப்பதும், சரியான மருந்தைத் தவறான முறையில் பயன்படுத்துவதும்தான் அதிகம் என்பது என் கருத்து.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமை உள்ளவரின் உடல், மகரந்தம், தூசிப் பூச்சியின் கழிவு போன்ற தீங்கற்ற பொருளுக்கு எதிராக ஐஜிஈ என்ற ஆன்டிபாடியை உண்டாக்கி வைத்திருக்கும். அது தோலிலும் மூக்குச் சவ்விலும் இருக்கும் மாஸ்ட் செல் என்ற எதிர்ப்பு மண்டல செல்களின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கும். அதே பொருள் மறுபடி உள்ளே வந்து, பக்கத்துப் பக்கத்து ஐஜிஈகளைச் சேர்த்துப் பிடித்ததும் செல் தன் துகள்களை வெளியே கொட்டிவிடும். முதலில் வருவது ஹிஸ்டமின். தும்மல், அரிப்பு, நீராக ஒழுகும் மூக்கு, தோலில் தடிப்பு எல்லாம் சில நிமிடங்களில் வருவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. அதே செல் லுகோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் போன்ற அழற்சி வேதிப்பொருள்களைப் புதிதாகத் தயாரித்தும் வெளியிடும். சுமார் 4 முதல் 8 மணி நேரத்தில் ஈசினோபில் முதலான வெள்ளணுக்கள் அங்கே வந்து குவியும். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் சவ்வு வீங்கி மூக்கு அடைத்துக்கொள்கிறது. செட்ரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் தடுப்பது ஹிஸ்டமினை மட்டும். அதனால் தும்மலும் அரிப்பும் அடங்கும், அடைப்பு அப்படியே இருக்கும். மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

---

வெள்ளைக்குப்பி

நல்ல தொடக்கம். மாத்திரைகளைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்ஸிசின், புரோமெத்தசின் எல்லாம் முதல் தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள். இவை மூளைக்குள் நுழைவதால்தான் தூக்கம் வருகிறது. அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளையும் தடுப்பதால் வாய் வறளும், மலம் கட்டும். புரோஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவருக்குக் கண் அழுத்தம் ஏறலாம், முதியவர்களுக்குக் குழப்பமும் தடுமாறி விழுதலும் வரலாம். இரவில் போட்டாலும் மறுநாள் காலையில் கவனமும் கை வேகமும் குறைந்திருக்கும். தூக்கம் தெளிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றுவதுதான் இதில் ஆபத்து. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது; மூச்சு அடங்கிப்போகலாம். "தூக்கம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது" என்ற எண்ணம் முற்றிலும் தவறு. அரிப்பைத் தடுப்பதற்கும் தூக்கத்துக்கும் தொடர்பே இல்லை.

இரண்டாம் தலைமுறையில் பெரியவர்களுக்கான வழக்கமான ஒரு நாள் அளவு: செட்ரிசின் 10 மி.கி., லீவோசெட்ரிசின் 5, லோராடடின் 10, டெஸ்லோராடடின் 5, பிலாஸ்டின் 20, ஃபெக்ஸோஃபெனடின் மூக்குக்கு 120, தடிப்புக்கு 180. இந்த வரிசையில் தூக்கம் கொஞ்சமாவது வருவது செட்ரிசினிலும் லீவோசெட்ரிசினிலும். மிகக் குறைவு ஃபெக்ஸோஃபெனடினிலும் பிலாஸ்டினிலும்.

இதில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது ஃபெக்ஸோஃபெனடினை எதோடு விழுங்குகிறோம் என்பது. ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறுகள், குடலில் இந்த மருந்தை உள்ளே எடுத்துச் செல்லும் புரதத்தைத் தடுத்துவிடும். இரத்தத்தில் சேரும் அளவு வெகுவாகக் குறைந்துபோகும். அலுமினியம், மெக்னீசியம் உள்ள ஆன்டாசிட்டும் அதே கேட்டைச் செய்யும். தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். பிலாஸ்டினுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின். செட்ரிசினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

---

நீலத்துளி

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு? தாய்மையடைந்தவர்களுக்கு?

---

வெள்ளைக்குப்பி

செட்ரிசினும் லீவோசெட்ரிசினும் பெரும்பகுதி சிறுநீர் வழியே வெளியேறுபவை. சிறுநீரகம் மிதமாகப் பாதித்திருந்தாலே செட்ரிசினை 5 மி.கி.க்குக் குறைப்பார்கள். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலையில் லீவோசெட்ரிசினைத் தவிர்ப்பதே வழக்கம். வழக்கமான அளவு போட்ட முதியவர் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தால், முதலில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கர்ப்ப காலத்தில் அதிகம் பயன்படுத்திப் பழகியவை லோராடடினும் செட்ரிசினும். மூக்கு ஸ்ப்ரேயில் புடசோனைடு. எதுவானாலும் கர்ப்பத்தைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேட்ட பிறகே.

---

மேகலைவாசி

செட்ரிசினைத் திடீரென நிறுத்தினால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

---

மருந்துப்பெட்டி

உண்மை, ஆனால் அரிது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. செட்ரிசின் அல்லது லீவோசெட்ரிசினைத் தினமும், பெரும்பாலும் மாதக்கணக்கில், எடுத்தவர்கள் நிறுத்திய சில நாட்களுக்குள் கடுமையான அரிப்பு வருகிறது. முன்பு அரிப்பே இல்லாமல் தும்மலுக்கு மட்டும் எடுத்தவர்களுக்கும் வருகிறது. பழைய ஒவ்வாமை திரும்பிவிட்டதாக நினைத்து மறுபடி மாத்திரையைத் தொடர்ந்துவிடுகிறார்கள், அதில்தான் குழப்பம். நீண்ட நாள் எடுத்தவர் நிறுத்த விரும்பினால், மருத்துவரிடம் சொல்லி அளவையோ இடைவெளியையோ படிப்படியாக மாற்றி இறக்குவது நல்லது.

---

காற்றுவழி

மூக்கு ஸ்ப்ரேக்கு வருகிறேன். இந்த இழையின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன்.

தொடர்ந்து மூக்கடைப்பு இருப்பவருக்கு முதல் மருந்து ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மாத்திரை அதற்கு அடுத்ததுதான். மேலே சொன்ன இரண்டு கட்டத்தையுமே இது அடக்கும். ஆனால் நேரம் எடுக்கும். முதல் மாற்றம் தெரிய அரை நாள் ஆகலாம், முழுப் பலனுக்கு 2 வாரம் வரை தினமும் அடிக்க வேண்டும். "அடைத்தபோது மட்டும் அடிக்கிறேன்" என்பவருக்கு இது பயன் தராததில் வியப்பில்லை. மகரந்தக் காலத்தில் மட்டும் தொல்லை என்றால், அந்தக் காலம் தொடங்க ஓரிரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

இனி அடிக்கும் முறை. புதுக் குப்பியைக் குலுக்கி, சீரான தூவல் வரும்வரை காற்றில் அழுத்த வேண்டும், பெரும்பாலான வகைகளுக்கு 6 முதல் 10 அழுத்தம். சில நாள் தொடாமல் வைத்திருந்தாலும் மறுபடி ஓரிரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றே முன்பக்கம் குனியுங்கள். பின்னால் சாய்த்தால் மருந்து முழுதும் தொண்டைக்குப் போகும். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. கையை மாற்றினால் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது அதே பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். ஒரே கையில் அடிப்பவர்களுக்கு ஒரு துளையில் முனை நடுத்தண்டைப் பார்த்தே நிற்கும். நாள்தோறும் அதே இடத்தில் மருந்து படிந்து சவ்வு மெலிந்து இரத்தம் கசியும். "ஸ்ப்ரே ஒத்துக்கொள்ளவில்லை, இரத்தம் வருகிறது" என்று பாதியில் விடுபவர்களின் கையைக் கவனித்தால் இதுதான் தெரியும்.

அழுத்தும்போது மெல்ல மூச்சிழுத்தால் போதும். உறிஞ்சி இழுக்கக் கூடாது. தொண்டையில் மருந்தின் ருசி தெரிந்தால் பலமாக இழுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். ஃபுளூட்டிகசோனும் மொமெட்டசோனும் விழுங்கப்பட்டாலும் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், உடலுக்குள் சேர்வது மிகச் சொற்பம். முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு: எச்ஐவிக்கு ரிட்டோனவிர் எடுப்பவர்கள். அது கல்லீரலின் அந்த வேலையையே முடக்குவதால் ஃபுளூட்டிகசோன் உடலில் தங்கி, மாத்திரை ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளையே கொண்டுவந்துவிடும். நீண்ட நாள் ஸ்ப்ரே எடுக்கும் குழந்தைகளின் உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்து வைப்பதும் நல்ல பழக்கம்.

---

நீலத்துளி

உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து இருக்கும்போது யார் 2 வாரம் காத்திருப்பார்கள் என்பதுதான் பலருடைய கேள்வி.

---

காற்றுவழி

சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலினைச் சொல்கிறீர்கள். அவை ஒவ்வாமையைத் தொடுவதே இல்லை. வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில மணி நேரம் வழிவிடும். 3 நாள், மிஞ்சிப்போனால் 5 நாள். அதைத் தாண்டினால் மருந்து இறங்கும்போதெல்லாம் முன்பைவிட அதிகமாக அடைக்கும், அதற்கு மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. மாதக்கணக்கில் சட்டைப்பையில் குப்பியோடு திரிய வைத்துவிடும். வெளியேற வழி: ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஆரம்பித்துவிட்டுச் சொட்டை நிறுத்துவது. ஒரேயடியாக முடியாதவர்கள் முதலில் ஒரு துளைக்கு மட்டும் நிறுத்தலாம். சில நாள் சிரமம், பிறகு சவ்வு தேறிவிடும்.

விரைவாகக் கேட்க வேண்டுமானால் அசிலாஸ்டின் ஸ்ப்ரே இருக்கிறது. அது மூக்கிலேயே வேலை செய்யும் ஆன்டிஹிஸ்டமின், கால் மணி நேரத்தில் பலன் தெரியும். கசப்புதான் குறை. அதோடு ஃபுளூட்டிகசோன் சேர்ந்த ஸ்ப்ரே, இரண்டில் ஒன்றை மட்டும் அடிப்பதைவிட நன்றாகக் கேட்கிறது.

சளி மாத்திரைகளில் வரும் ஃபினைல்எஃப்ரின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாய்வழி எடுத்தால் அது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று எஃப்டிஏவின் நிபுணர் குழு 2023இல் ஒருமனதாகச் சொன்னது. சூடோஎஃபெட்ரின் வேலை செய்யும், ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்.

---

மேகலைவாசி

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது? அதில் ஒரு எச்சரிக்கையும் கேள்விப்பட்டேன்.

---

மருந்துப்பெட்டி

பயனுள்ளது. ஒட்டியிருக்கும் மகரந்தமும் சளியும் கழுவிப் போகும். ஸ்ப்ரேக்குச் சற்று முன்பு செய்தால் மருந்து சவ்வில் நேரடியாகப் படியும். அயோடின் சேராத உப்பு 3 தேக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி கலந்து ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். 240 மி.லி. வெதுவெதுப்பான நீருக்கு இந்தக் கலவை 1 தேக்கரண்டி. எரிந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீர் மட்டும் விட்டால் கட்டாயம் எரியும்.

எச்சரிக்கை தண்ணீரைப் பற்றியது. குழாய் நீரை அப்படியே விடக் கூடாது. நிக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்குச் சென்றால் பிழைப்பது மிக மிக அரிது. அதே நீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழிதான் ஆபத்து. கொதி வந்த பிறகு 1 நிமிடம் (மலைப்பகுதியில் 3 நிமிடம்) கொதிக்கவிட்டு ஆறவைத்த நீர், அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. கழுவும் குடுவையையும் அதே நீரால் அலசிக் காயவைக்க வேண்டும்.

---

தோல்பக்கம்

எல்லோரும் மூக்கிலேயே இருக்கிறீர்கள், தோலுக்கு வருகிறேன். காணாக்கடி எனும் தடிப்பு 6 வாரத்துக்கு மேல் வந்து வந்து போனால் அது நாள்பட்ட வகை. இதில் வெளியிலிருந்து வரும் ஒவ்வாமைப் பொருள் காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் உடலின் சொந்த எதிர்ப்பு மண்டலமே மாஸ்ட் செல்லைத் தூண்டிவிடுகிறது. சாப்பாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போய் உடல் மெலிந்துபோவதுதான் மிச்சம்.

தூக்கம் தராத ஆன்டிஹிஸ்டமினைத் தினமும் எடுக்க வேண்டும், தடிப்பு வந்த பிறகு அல்ல. 2 முதல் 4 வாரத்தில் அடங்காவிட்டால் அதே மருந்தை 4 மடங்கு வரை ஏற்றலாம் என்று உலகளாவிய வழிகாட்டுதலே சொல்கிறது. அப்படியும் கேட்காவிட்டால் ஐஜிஈயைப் பிடித்து முடக்கும் ஓமலிஸுமாப் ஊசி, 4 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி.

---

வெள்ளைக்குப்பி

@தோல்பக்கம், அந்த 4 மடங்கை இங்கே தனியாகப் போட்டுவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அது நாள்பட்ட தடிப்புக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில், இரண்டாம் தலைமுறை மருந்துக்கு மட்டும். குளோர்பெனிரமினை யாராவது நான்கு மடங்காக்கினால் விளைவு வேறு. சிறுநீரகம் குறைந்தவர் செட்ரிசினை அப்படி ஏற்றினாலும் அப்படித்தான்.

---

தோல்பக்கம்

சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்றும்: ஒரே தடிப்பு அதே இடத்தில் 24 மணி நேரத்தைத் தாண்டி நின்றால், அரிப்பைவிட வலி அதிகம் என்றால், மறைந்த பிறகு கன்றிய தழும்பு விட்டால் அது சாதாரணத் தடிப்பல்ல, இரத்தக் குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும். பேனாவால் ஓரத்தை வரைந்து நேரத்தைக் குறித்து வைத்தால் மறுநாள் தெளிவாகத் தெரியும்.

---

இரவுப்பணி

உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமையான அனஃபைலாக்சிஸ் பற்றி இன்னும் யாரும் தொடவில்லை. இங்கே தாமதமே உயிரைப் பறிக்கும்.

தோலில் தடிப்போ உதடு வீக்கமோ வந்து, கூடவே மூச்சுத் திணறல், குரல் கம்மல், வீசிங், தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது அனஃபைலாக்சிஸ். ஒத்துக்கொள்ளாதது என்று தெரிந்த பொருள் உள்ளே போய், தோலில் ஒன்றுமே இல்லாமல் இரத்த அழுத்தம் மட்டும் விழுந்தாலும் அதுதான். 10 முதல் 20 விழுக்காட்டினருக்குத் தோலில் அடையாளமே இருக்காது.

மருந்து ஒன்றே: அட்ரினலின், தொடையின் நடுப்பகுதி வெளிப்பக்கத் தசையில். கிலோவுக்கு 0.01 மி.கி., பெரியவருக்கு உச்சம் 0.5 மி.கி. ஆம்பியூலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. இருப்பதால், 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி. 5 நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் மறுபடி போடலாம். தோலடியில் போட்டால் குழாய்கள் சுருங்கி மருந்து மெதுவாகவே ஏறும். குழந்தைகளிடம் அளந்தபோது தொடைத் தசையில் சுமார் 8 நிமிடத்தில் உச்சம் தொட்டது, தோலடியில் சுமார் 34 நிமிடம் ஆனது.

படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், வாந்தி எடுத்தால் ஒருக்களித்து, கர்ப்பிணியை இடப்பக்கம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடவே கூடாது. திடீரென நிமிர்ந்ததும் இதயத்துக்கு இரத்தம் வராமல் அங்கேயே இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

---

நீலத்துளி

முதலில் ஹைட்ரோகார்ட்டிசோனும் குளோர்பெனிரமின் ஊசியும் போட்டுப் பார்த்துவிட்டு, அடங்காவிட்டால் அட்ரினலின் என்று பல இடங்களில் செய்கிறார்களே?

---

இரவுப்பணி

அந்த வரிசை தலைகீழ். ஆன்டிஹிஸ்டமின் அரிப்பைக் குறைக்கும், ஆனால் விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது, இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. தடிப்பு மறைந்ததைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வோம், உள்ளே நிலை சரிந்துகொண்டிருக்கும். ஹைட்ரோகார்ட்டிசோன் வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். இரண்டையும் பிறகு கொடுக்கலாம். சந்தேகமாக இருந்தாலும் அட்ரினலினைப் போடுவதே சரி. தொடைத் தசையில் சரியான அளவு போட்டால் கொஞ்ச நேரம் படபடப்பும் நடுக்கமும் இருக்கும், அவ்வளவுதான்.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு அட்ரினலின் சரியாகக் கேட்காமல் போகலாம். அப்போது மருத்துவமனையில் குளுக்ககான் ஊசி கைகொடுக்கும். அந்த மாத்திரைப் பட்டையைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

அட்ரினலின் தானியங்கி ஊசி வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்க வேண்டாம். கண்ணாடிச் சாளரத்தில் மருந்து நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். ஊசி வரும் முனையில் கட்டைவிரலை வைக்காமல், முழுக் கையால் நடுவில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி தொடைக்குப் பதில் விரலில் இறங்கிவிடும். ஊசிக்குப் பிறகு குணமானாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரலாம்.

---

மேகலைவாசி

மான்டெலுகாஸ்ட்? லீவோசெட்ரிசினோடு சேர்த்தே எழுதிக் கொடுக்கிறார்களே.

---

காற்றுவழி

அது லுகோட்ரையீனைத் தடுக்கும் மாத்திரை. மூக்கொவ்வாமைக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைவிட வலுக்குறைந்தது. ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால் ஓரளவு நியாயம் உண்டு. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று 2020இல் எஃப்டிஏ தன் மிகக் கடுமையான பெட்டி எச்சரிக்கையைச் சேர்த்தது. குழந்தையின் நடத்தை மாறினால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரணத் தும்மலுக்கு இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

---

நீலத்துளி

கடைசியாகப் பரிசோதனைகள். இரத்தத்தில் ஐஜிஈ பார்த்து "40 பொருளுக்கு அலர்ஜி" என்று பட்டியல் வந்தால் எல்லாவற்றையும் விலக்க வேண்டுமா?

---

தோல்பக்கம்

வேண்டாம். ஐஜிஈ இருப்பது வேறு, ஒவ்வாமை இருப்பது வேறு. சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பொருளுக்கும் ஐஜிஈ காட்டும். எதைத் தொட்டு எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்ற விவரம்தான் முதலில், அதை உறுதிப்படுத்தத்தான் சோதனை. ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியை அளந்து விற்கும் உணவுப் பட்டியல்கள் பயனற்றவை. ஐஜிஜி இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்றுதான் பொருள்.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும். மூக்கு ஸ்ப்ரே ஸ்டீராய்டை நிறுத்த வேண்டியதில்லை. 15 முதல் 20 நிமிடத்தில், உப்பு நீர் இட்ட இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் பாசிட்டிவ். ஒப்பிடுவதற்காக ஹிஸ்டமின் இட்ட இடமே தடிக்கவில்லையென்றால் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது, அந்த முடிவைத் தூக்கிப் போடலாம்.

---

மருந்துப்பெட்டி

மருந்து ஒவ்வாமையையும் இதோடு சேர்த்துவிடுகிறேன். பெனிசிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் 10இல் 9 பேருக்கும் மேல் அந்த மருந்தைத் தாங்குகிறார்கள். சின்ன வயதில் காய்ச்சலோடு வந்த தடிப்பை மருந்தின் மேல் போட்டிருப்பார்கள், அல்லது இருந்த ஒவ்வாமையே ஆண்டுகளில் மங்கியிருக்கும். அந்த முத்திரையால் தேவையில்லாமல் வேறு வலுவான ஆன்டிபயாட்டிக்குகளைச் சுமக்கிறார்கள். ஆனால் சோதிப்பது மருத்துவமனையில், ஒருபோதும் வீட்டில் அல்ல. தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணானவர்களுக்குச் சோதனைக்காகக்கூட மறுபடி கொடுக்கக் கூடாது.

வலி மாத்திரைகளின் கதை வேறு. ஆஸ்பிரினுக்கு வீசிங் வந்தவருக்கு ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக்கிலும் வரும். காரணம் ஐஜிஈ அல்ல, அவை எல்லாம் ஒரே நொதியைத் தடுப்பதுதான். பாரசிட்டமாலைப் பெரும்பாலோர் தாங்குவார்கள்.

வெறுமனே "அலர்ஜி" என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதுவதால் பயனில்லை. மருந்தின் வேதிப்பெயர், எடுத்த அளவு, எத்தனையாவது வேளையில், விழுங்கி எவ்வளவு நேரத்தில் வந்தது, தடிப்பா, வீக்கமா, மூச்சுத் திணறலா, வயிற்றுப்போக்கா, எதைக் கொடுத்தபோது அடங்கியது, உடன் வேறு என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். தடிப்பை அப்போதே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது மறைந்திருக்கும்.